மலாவிக் கிராமங்களில் பந்தும் நாடகமும்: தன்னார்வலராகச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஆப்பிரிக்கக் கிராமங்களில் விளையாட்டையும் கலையையும் கருவியாகக் கொண்டு இயங்கும் தொண்டு அமைப்புகளில் சில மாதங்கள் பணியாற்ற விரும்புவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆப்பிரிக்கா முழுமைக்கும் பொருந்தும் அறிவுரை என்று ஒன்று இருக்க முடியாது. எனவே தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவியை மட்டும் எடுத்துக்கொண்டு, தேவைப்படும் இடங்களில் அண்டை நாடுகளின் அனுபவத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். 2018ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலாவியின் மக்கள்தொகை சுமார் 1.75 கோடி; அவர்களில் 84 விழுக்காட்டினர் கிராமவாசிகள். மழையை நம்பி மக்காச்சோளம் பயிரிடும் சிறு விவசாயக் குடும்பங்களே பெரும்பான்மை. கல்லூரி மாணவர், விளையாட்டு ஆசிரியர், நாடகக் குழுவில் பயின்றவர், வேலையிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்தவர் என யார் போனாலும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றுதான்: அங்கே பயிற்சியாளர் நீங்கள் அல்லர். அந்த ஊரைச் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் ஏற்கெனவே இருப்பார், அல்லது இனி உருவாக வேண்டும். அவருடைய கை ஓங்குவதற்கு உதவுவதே உங்கள் வேலை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்தே பிறக்கிறது.

பணியின் இயல்பை அறிந்துகொள்ளுங்கள்

பந்தைக் கொடுத்துப் பிள்ளைகளை விளையாட விடுவது மட்டுமே இந்த அமைப்புகளின் நோக்கம் அன்று. வளரிளம் பருவத்தினர் வாரந்தோறும் ஒரே இடத்தில் கூடுவதற்கு விளையாட்டும் நாடகமும் காரணமாகின்றன. அப்படிக் கூடும் இடத்தில் உடல்நலம், பள்ளிப் படிப்பு, இளவயதுத் திருமணம் முதலியவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடிகிறது. அந்தக் கூட்டத்தை நடத்திப் பழகும் இளைஞர்கள் காலப்போக்கில் ஊரின் பிற பொறுப்புகளுக்கும் தகுதி பெறுகிறார்கள். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் நீடித்து நிற்பது.

இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. கென்யத் தலைநகர் நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம், தங்கள் பகுதியின் குப்பையை அள்ளித் துப்புரவு செய்த கால்பந்து அணிகளுக்கு லீக் அட்டவணையில் புள்ளிகள் வழங்கியது. அது நகரத்துக் கதை. கிராமத்திற்கு நெருக்கமான உதாரணம், கென்யாவின் கடற்கரை மாவட்டமான கிலிஃபியில் 2001இல் தொடங்கப்பட்ட ‘மூவிங் த கோல்போஸ்ட்ஸ்’ என்னும் அமைப்பு. அங்கே ஆடுவது, நடுவராக நிற்பது, முதலுதவி செய்வது, போட்டி அட்டவணை போடுவது ஆகிய அனைத்தையும் சிறுமிகளும் இளம்பெண்களுமே கவனித்துக்கொள்கிறார்கள். ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரில் 2002இல் பிறந்த ‘கிராஸ்ரூட் சாக்கர்’, எச்.ஐ.வி. தடுப்புக் கல்வியைக் கால்பந்துப் பயிற்சிகளுக்குள்ளேயே வைத்துக் கற்பிக்கும் முறையைப் பரப்பியது. நாடகத்துறையில் பார்த்தால், 1974இல் போட்ஸ்வானாவில் தொடங்கிய லாயெட்சா பட்டனானி இயக்கம், ஊர் மக்களின் சிக்கல்களை அவர்கள் முன்னாலேயே நடித்துக் காட்டி விவாதிக்கும் வழக்கத்தை ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அறிமுகப்படுத்தியது.

புறப்படுவதற்கு முன் இவற்றைப் பற்றிப் படித்துவிடுவது நல்லது. ஏற்கெனவே முப்பது நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்போல் ஊருக்குள் நுழையும் சங்கடமாவது தவிரும்.

அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

தன்னார்வலரிடம் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பி வைக்கும் நிறுவனங்கள் ஏராளம். கட்டணம் வாங்குவதே தவறு என்று சொல்ல முடியாது. உங்கள் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் சிறிய அமைப்பு எங்கிருந்து செலவழிக்கும்? அந்தப் பணம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. உள்ளூர்ப் பயிற்சியாளர்களுக்கு ஊதியமோ மதிப்பூதியமோ தரப்படுகிறதா, நிர்வாகக் குழுவில் மலாவி நாட்டவர் எத்தனை பேர், வெளிநாட்டுத் தன்னார்வலர் ஒருவரும் இல்லாத மாதங்களில் என்ன நடக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் மற்ற எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ‘தன்னார்வலர் வந்தால்தான் நிகழ்ச்சி’ என்ற பதில் வந்தால், அந்த நிகழ்ச்சி உங்களுக்காக நடத்தப்படுகிறதே தவிர அந்த ஊருக்காக அல்ல.

மலாவியில் தொண்டு நிறுவனங்கள் அரசின் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு விவரத்தைக் கேட்டுப் பெறுங்கள். குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையை எழுத்து வடிவில் அனுப்பச் சொல்லுங்கள். உங்களிடம் காவல்துறைச் சான்றிதழ் கேட்காத அமைப்பு வேறு யாரிடமும் அதைக் கேட்டிருக்காது என்பதால், அத்தகைய இடத்தைத் தவிர்ப்பதே சரி. இந்தியாவிலிருந்து செல்வோர் அச்சான்றிதழைக் கடவுச்சீட்டுச் சேவை வழியாகவே பெறலாம். அநாதை இல்லத்தில் குழந்தைகளோடு இரண்டு வாரம் விளையாடலாம் என்று விளம்பரம் செய்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள். பாசம் காட்டிவிட்டு அடிக்கடி மறையும் அந்நியர்களால் அந்தக் குழந்தைகளுக்கு நன்மை ஏதும் விளைவதில்லை.

எவ்வளவு காலம் போவது? மூன்று மாதத்துக்குக் குறைந்தால் பயன் மிகச் சொற்பம். முதல் மாதம் பெயர்களைக் கற்றுக்கொள்வதிலேயே கழிந்துவிடும்.

ஊரின் நாட்காட்டிக்கு ஏற்பப் பயணத்தை அமையுங்கள்

பெரும்பாலோர் தங்கள் விடுமுறையைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுக்கிறார்கள். ஆனால், திட்டம் நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிப்பது மக்காச்சோளம். மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீடிக்கும். அந்த மாதங்களில் குடும்பம் முழுவதும் வயலில் நிற்கும், மண்பாதைகள் சேறாகும், ஆற்றுக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு மிதிவண்டியிலும் போக முடியாது. டிசம்பர் முதல் மார்ச் வரை முந்தைய ஆண்டின் தானியம் தீர்ந்து, புதிய கதிர் முற்றாத பசிக்காலம். ஒருவேளை மட்டும் உண்டு வரும் பிள்ளைகளை ஒன்றரை மணிநேரம் ஓடவிடுவது கொடுமை. அந்தப் பருவத்தில் பாட்டு, கதை சொல்லல், ஓவியம், பயிற்சியாளர்களுக்கான வகுப்பு ஆகியவற்றை வைத்துக்கொண்டு, ஓட்டமும் போட்டியும் அறுவடைக்குப் பின் என்று பிரித்துக்கொள்வதே முறை. மே முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்ந்த, வறண்ட மாதங்கள்தான் லீக் போட்டிகளுக்குப் பொருத்தமானவை. பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூலையில் முடிகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இன்னும் சில உண்டு. தெற்கே மங்கோச்சி, மச்சிங்கா மாவட்டங்களில் யாவோ மக்கள் பெரும்பாலும் இசுலாமியர். அங்கே வெள்ளிக்கிழமைப் பிற்பகல் பயிற்சிக்கு உரியதன்று. மற்ற பகுதிகளில் ஞாயிறு தேவாலயத்துக்கு உரியது. பள்ளி விடுமுறையில் பருவச் சடங்குகளுக்காகச் சிறுவரும் சிறுமியரும் சில வாரங்கள் ஊரில் காணப்படமாட்டார்கள். எங்கே போனார்கள் என்று துருவாதீர்கள். ஊரில் ஒரு மரணம் நேர்ந்தால் அன்று எல்லா வேலையும் நின்றுவிடும். இறுதிப்போட்டி நாளாக இருந்தாலும் அதை ஒத்திவைத்துவிட்டு, துக்க வீட்டுக்குப் போய் அமைதியாக உட்கார்ந்திருந்து, இயன்றதைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் அட்டவணை கையில் வந்ததும் மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

ஆவணங்களும் உடல்நலமும்

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மலாவிக் குடிவரவுத் துறையின் அன்றைய அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சுற்றுலா அனுமதியில் சென்று தொண்டுப்பணி செய்யலாமா, தனி அனுமதி வேண்டுமா என்பதை உங்களை அழைக்கும் அமைப்பு எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

இந்தியாவிலிருந்து பெரும்பாலான விமானங்கள் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகச் செல்கின்றன. எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். போகும்போதோ திரும்பும்போதோ அங்கே நீண்ட நேரம் தங்க நேர்ந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக ஊசி போட்டுக்கொண்டால்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுதும் போதுமானது.

மலேரியாவை நம் ஊர் அனுபவத்தை வைத்து எடைபோடக் கூடாது. மலாவியில் மிகுதியாகப் பரவுவது ஃபால்சிபாரம் வகை; அது ஓரிரு நாட்களில் மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. டாக்சிசைக்ளினா, அட்டோவாகுவோன்–புரோகுவானிலா, எது உங்களுக்கு ஏற்றது என்று மருத்துவரிடம் கேட்டுத் தடுப்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள், கொசுவலைக்குள் உறங்குங்கள், காய்ச்சல் கண்ட அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மலாவி ஏரி அழகானதுதான். ஆனால் கரையோர நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்னும் நோய் அந்த நீரில் உண்டு. நாணல் அடர்ந்த ஆழமற்ற இடங்களில் குளிக்காதீர்கள். அவசரநிலையில் விமானத்தில் ஜோகன்னஸ்பர்க் போன்ற நகருக்குக் கொண்டுசெல்லும் வசதியுள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம் வேண்டும்.

ஊருக்குள் நுழைதல்

முதல் நாளே மைதானத்துக்குப் போகாதீர்கள். மலாவியில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தலைவர் உண்டு. அவருக்கு மேலே பல கிராமங்களுக்குப் பொதுவான தலைவரும், அவருக்கு மேலே ‘டிரடிஷனல் அத்தாரிட்டி’ எனப்படும் பாரம்பரிய அதிகாரியும் இருப்பார்கள். பெண்களும் தலைவராக இருப்பது அங்கே இயல்பு. அமைப்பின் உள்ளூர் ஊழியர் உங்களை அழைத்துச்சென்று தலைவரிடம் அறிமுகப்படுத்துவார். நீங்களாகப் பேச்சைத் தொடங்க வேண்டாம். காட்டிய இடத்தில் அமர்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லி, எத்தனை மாதம் இருப்பீர்கள், என்ன செய்வீர்கள் என்பதைச் சுருக்கமாகக் கூறுங்கள். செய்ய முடியாத எதையும் அங்கே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ‘பார்க்கிறேன்’ என்ற சொல்லைக்கூட ‘செய்கிறேன்’ என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

ஒரு வீட்டின் முன் நின்று ‘ஓடி’ என்று குரல் கொடுத்துக் காத்திருப்பது வழக்கம். கைகுலுக்கும்போது இடக்கையால் வலது முன்கையைத் தாங்கிக்கொள்வது மரியாதை. ‘முலி ப்வாஞ்சி’ என்று நலம் கேட்பதும், ‘ஸிகோமோ’ என்று நன்றி சொல்வதும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஆனால் வடக்கே சிட்டும்புகாவும், ஏரியின் தென்கரையில் சியாவோவும் பேசப்படுவதால் சிச்சேவா மட்டும் தெரிந்தால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். பெண்கள் கால்சட்டை அணிந்திருந்தாலும் அதன்மேல் சித்தென்ஜே துணியைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் நடப்பது நல்லது. உணவு பெரும்பாலும் ன்சீமா, அதாவது மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கேழ்வரகுக் களியைப் பிட்டு உண்டு பழகியவர்களுக்கு எந்தத் தடையும் இராது. சாப்பாட்டுக்கு முன் ஒருவர் நீர் ஊற்ற மற்றவர் கைகழுவுவார்கள், வலக்கையால்தான் உண்பார்கள்.

இந்தியத் தோற்றமுடையவர்களுக்கு மட்டும் ஒரு சொல். வெள்ளையரை அங்கே ‘முசுங்கு’ என்பார்கள். நம்மை ‘ம்வென்யே’ என்பார்கள். காலனிக் காலத்திலிருந்தே இந்திய வணிகர்கள் மலாவியில் கடை வைத்திருந்தார்கள். 1970களில் அன்றைய அதிபர் பண்டாவின் அரசு அவர்களைக் கிராமங்களிலிருந்து அகற்றி ஒருசில நகரங்களுக்குள் மட்டும் வாழச் செய்தது. ஆகவே ஒரு கிராமத்துப் பெரியவருக்கு இந்தியர் என்றால் கடைக்காரர், முதலாளி. நீங்கள் ஏதோ வியாபாரத்துக்கு வந்திருப்பதாக முதலில் நினைத்தால் வியக்கவோ வருந்தவோ தேவையில்லை. தினமும் பிள்ளைகளோடு நடந்து மைதானத்துக்குப் போனால் அந்த எண்ணம் தானே மாறும்.

மைதானத்தில் ஒரு மாலை

ஆண்டின் பெரும்பகுதியில் மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடும். பள்ளி முடிந்து, வீட்டு வேலை முடித்துப் பிள்ளைகள் வருவதற்குள் நான்கு மணிக்கு மேல் ஆகிவிடும் என்பதால், உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மணிநேரம். மைதானம் என்பது பெரும்பாலும் தொடக்கப்பள்ளியின் திடல். இரண்டு தைலமரக் கம்பங்களை நட்டு மேலே ஒன்றைக் கட்டியதுதான் கோல்கம்பம். பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பந்துகளைப் பிள்ளைகளே வைத்திருப்பார்கள். அவற்றை இகழ்ந்து ஒதுக்காதீர்கள். நாற்பது பேருக்கு உங்களிடம் இரண்டு தோல்பந்து இருந்தால், பயிற்சிக்கு அந்தக் கட்டுப்பந்துகளே கைகொடுக்கும்.

சிறுமிகளில் சிலர் தம்பி தங்கையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வருவார்கள். குழந்தையோடு ஆடக் கூடாது என்று திருப்பி அனுப்பினால் அவர்கள் மறுநாள் வரமாட்டார்கள். மரநிழலில் ஒரு பாயை விரித்து, ஆடாமல் இருப்பவர் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, முறைவைத்து மாற்றிக்கொண்டால் எல்லோரும் ஆடலாம். ஆழ்துளைக் கிணற்றுக் கைப்பம்பில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தைக் கேட்டறிந்து அதற்கேற்பத் தொடங்குவதும் அவசியம். சிறுமிகள் வராததற்கு ஆர்வக்குறைவு காரணமாக இருப்பது அரிது. வரிசையில் குடம் நிற்பதே காரணம்.

எந்த விளையாட்டைத் தொடங்குவது என்றால், சிறுவருக்குக் கால்பந்து, சிறுமியருக்கு நெட்பால் என்பதே ஊரின் எதிர்பார்ப்பாக இருக்கும். நெட்பாலைக் குறைத்து எண்ண வேண்டாம். ஏழுபேர் ஆடும் இந்த ஆட்டத்தில் மலாவிப் பெண்கள் அணி உலகின் முன்வரிசை அணிகளில் ஒன்று. 2015 உலகக்கோப்பையில் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ம்வாய் கும்வெண்டா மலாவியைச் சேர்ந்தவர். இரண்டு வளையம், ஒரு பந்து, சாம்பலால் போட்ட கோடு இருந்தால் களம் தயார். அதேசமயம் சிறுமிகள் கால்பந்து கேட்டால் அதற்கும் இடம்கொடுங்கள். வடக்கே ரும்ஃபி மாவட்டத்திலிருந்து கிளம்பிய சவிங்கா சகோதரிகளின் பெயரைச் சொன்னாலே பெற்றோரின் எதிர்ப்பு பாதி குறையும்: மூத்தவர் தபிதா இத்தாலியில் இன்டர் மிலானுக்கு ஆடிய 2022–23 பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர், இளையவர் டெம்வா 2024இல் அமெரிக்க மகளிர் லீக்கில் ஒரே பருவத்தில் 20 கோல் அடித்து, அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர்.

இனி, விளையாட்டுக்குள் பாடத்தை வைப்பது எப்படி என்பதற்கு ஒரு பயிற்சியை விவரிக்கிறேன். பிள்ளைகளை இரண்டு வரிசையாக, ஒருவரையொருவர் பார்த்தபடி, தோளோடு தோள் ஒட்டி நிற்கச் சொல்ல வேண்டும். முதல் வரிசையிடம் ஒரு சிறிய பந்தைக் கொடுத்தால், அவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள். விசில் ஊதியதும் நிறுத்திவிட்டு எல்லோரும் முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ள வேண்டும். பந்து யாரிடம் இருக்கிறது என்று எதிர் வரிசை ஊகிக்க வேண்டும். சிரிப்பும் கூச்சலுமாக நான்கைந்து சுற்று போகும். ஊகம் பெரும்பாலும் தவறும். அப்போது பயிற்சியாளர், அந்தப் பந்துதான் எச்.ஐ.வி. என்று சொல்லி, ஒருவரின் முகத்தைப் பார்த்து அது அவரிடம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்பார். எப்படித்தான் தெரிந்துகொள்வது என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். பரிசோதனையைப் பற்றியும், மருந்து உட்கொண்டு நலமாக வாழ்வோரைப் பற்றியும் அதன் பின் பேசலாம். வட்டமாக உட்கார்ந்து பேசும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே மற்ற எண்பது நிமிடமும் நடத்தப்படுகிறது.

இந்த உரையாடலை நடத்த வேண்டியவர் உள்ளூர்ப் பயிற்சியாளர். அரைகுறைச் சிச்சேவாவில் நீங்கள் நடத்தினால் பிள்ளைகள் சிரிப்பார்களே ஒழியக் கேள்வி கேட்கமாட்டார்கள். கூம்புகளை அடுக்குவது, வருகைப் பதிவு எழுதுவது, முன்கூட்டியே பயிற்சியாளரோடு அமர்ந்து திட்டமிடுவது, முடிந்தபின் அவரோடு நடந்துகொண்டே எது சரியாக வந்தது என்று பேசுவது ஆகியவை உங்களுக்கு உரியவை.

நாடகமும் நடனமும்

முதலில் கதை சேகரிக்க வேண்டும். இளைஞர் குழு இரண்டு மூன்றாகப் பிரிந்து ஊருக்குள் சென்று, இந்த ஆண்டு உங்களை மிகவும் வாட்டிய விஷயம் எது என்று கேட்டு வரட்டும். கேட்டதைக் குழுவுக்குள் சொல்லி, எல்லோருக்கும் பொதுவான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வசனத்தை எழுதிவைக்காமல் பேசிப்பேசியே காட்சியாக்க வேண்டும். பின் மரத்தடியில் ஊரைக் கூட்டி நடித்து, சிக்கல் உச்சத்தை அடையும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். குழுவில் ஒருவர் முன்னே வந்து, இந்தத் தாயின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். கூட்டத்திலிருந்து எழுந்துவரும் பெண்மணி அந்தப் பாத்திரத்தை ஏற்று நடித்துக்காட்டுவார். வேறொருவர் வந்து வேறுவிதமாக முயல்வார். தீர்வை நாடகக்குழு சொல்லாது; கூட்டமே தேடும்.

உதாரணமாக, மக்காச்சோளம் தீர்ந்துபோன வீட்டில் பதினைந்து வயது மகளை மணம்முடித்துக் கொடுக்கத் தந்தை முடிவெடுக்கிறார் என்ற காட்சியை எடுத்துக்கொள்ளலாம். மலாவியில் 2015இல் வந்த திருமணச் சட்டமும், 2017இல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தமும் திருமண வயதை 18 ஆக்கிவிட்டன. டெட்சா மாவட்டத்தின் தலைவர் தெரசா கச்சிந்தமோட்டோ தம் அதிகாரத்தைக் கொண்டே நூற்றுக்கணக்கான சிறார் திருமணங்களை ரத்து செய்து, பெண்பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார். சட்டத்தைவிடத் தலைவரின் சொல்லுக்கு ஊரில் எடை கூடுதல் என்பதால், நாடகத்துக்குத் தலைவரை அழைத்து முன்வரிசையில் அமர்த்துவது வெறும் மரியாதைக்காக மட்டும் அன்று.

இரண்டு எச்சரிக்கைகள். ஊரில் உண்மையாக நடந்த, எல்லோரும் அடையாளம் காணக்கூடிய நிகழ்வை அப்படியே நடிக்காதீர்கள். நாடகம் முடிந்து நீங்கள் போய்விடுவீர்கள், அந்தக் குடும்பம் அங்கேயே வாழ வேண்டும். மேலும், கிராம நாடகம் அதிகாரத்தின் கண்ணில் படும். கென்யாவின் கமிரீத்து கிராமத்தில் விவசாயிகளும் தொழிலாளிகளும் தாங்களே திறந்தவெளி அரங்கம் கட்டி 1977இல் மேடையேற்றிய நாடகத்தை அரசு தடைசெய்தது. 1982இல் அந்த அரங்கத்தையே இடித்துத் தள்ளியது. நிலம், உரமானியம், கட்சி ஆகியவை காட்சிக்குள் வரும்போது, எவ்வளவு தூரம் போகலாம் என்பதை உள்ளூர்க் குழு தீர்மானிக்கட்டும். விளைவைச் சுமக்கப்போவது அவர்கள்தான்.

செவா மக்களின் கூலே வம்கூலு என்னும் முகமூடி நடனத்தை 2005இலேயே யுனெஸ்கோ சிறப்பித்தது. அது மேடைக் கலை அன்று. ந்யாவ் என்னும் சடங்குக் குழுவுக்கு உரியது. முகமூடிக்குள் இருப்பவர் யார் என்று கேட்கக் கூடாது. இடுகாட்டுப் பக்கம் முகமூடிகள் தயாராகும் டம்ப்வே என்ற இடத்துக்கு அருகிலும் போகக் கூடாது. அனுமதியின்றிக் கைப்பேசியை உயர்த்துவது பெரும் குற்றமாகக் கருதப்படும். பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித்தர வேண்டுமானால் ஊரின் வாத்தியக்காரரையும் நடனம் தெரிந்த பெண்களையும் அழைத்துவாருங்கள். பரதமோ பறையோ தெரிந்தவர்கள் ஒருநாள் ஆடிக்காட்டலாம், தவறில்லை. அதையே திட்டமாக்கிவிடக் கூடாது.

பணம், பரிசு, படம்

மலாவியில் பயிற்சிக் கூட்டம் என்றால் மதிய உணவுப்படியும் போக்குவரத்துப்படியும் எதிர்பார்க்கப்படும். பெரிய நிதி நிறுவனங்கள் பல ஆண்டுகளாக வளர்த்த வழக்கம் அது. அதற்காக ஊர் மக்களைக் குறைசொல்ல முடியாது. எவ்வளவு, யாருக்கு என்பதை அமைப்பு ஒரே அளவாக முடிவுசெய்து முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நீங்களாகக் கையிலிருந்து கொடுத்தால் அடுத்து வருபவருக்கு வம்பு. காற்றடிக்கும் பம்பும் ஊசியும், ஒட்டுப்போடும் பொருளும் இல்லாமல் ஐம்பது பந்து கொண்டுபோவது வீண்; அவற்றை லிலோங்வே, பிளாண்டயர் கடைகளிலேயே வாங்கினால் பழுதானபோது மாற்றிக்கொள்ள முடியும். 2023 நவம்பரில் டாலருக்குச் சுமார் 1,180 குவாச்சா என்றிருந்த மதிப்பு ஒரே நாளில் 1,700 ஆனது. ஓராண்டுக்கான செலவுத் திட்டத்தை ஒரே எண்ணில் எழுதிவைப்பதில் உள்ள ஆபத்து இதிலிருந்தே விளங்கும்.

சீருடை வாங்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். நீலம் டி.பி.பி. கட்சிக்கும் மஞ்சள் யு.டி.எஃப். கட்சிக்கும் உரிய நிறங்கள். தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகள் ‘பொனான்சா’ என்ற பெயரில் கால்பந்துப் போட்டி நடத்திக் கோப்பை கொடுப்பது வழக்கம் என்பதால், நிறமே ஒரு கட்சியின் அறிவிப்பாகிவிடும்.

பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் ஒப்புதலின்றி எடுக்கவோ பகிரவோ வேண்டாம். ஒரு பிள்ளையோடு தனியறையில் இருப்பது, தனியே அழைத்துச்செல்வது, தனிப்பட்ட முறையில் பணமோ பரிசோ கொடுப்பது ஆகியவற்றைக் கண்டிப்பாகத் தவிருங்கள். பயிற்சியில் எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால், விசாரணை செய்யாமல் கேட்டுக்கொண்டு, அன்றே அமைப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள்.

விடைபெறுதல்

கடைசி மாதத்தில் நீங்கள் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அட்டவணை, வருகைப் பதிவு, பொருட்களின் பட்டியல், அலமாரிச் சாவி ஆகிய நான்கும் பெயர் குறித்து ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இடையில் ஒரு வாரம் வேண்டுமென்றே ஊரைவிட்டு விலகியிருந்து, பயிற்சி நடந்ததா என்று திரும்பிவந்து பாருங்கள். நடக்கவில்லை என்றால், காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்ய இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கும். பிரியும்போது தலைவரிடம் சென்று சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். மீண்டும் வருவேன் என்ற வாக்குறுதியை, பயணச்சீட்டு கையில் இல்லாமல் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

ஊர் திரும்பியபின் மலேரியா மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள்வரை தொடருங்கள். ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மலாவியிலிருந்து வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். நம் ஊரில் சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் தள்ளிப்போட வாய்ப்புண்டு. ஏரியில் இறங்கியிருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துப் பில்ஹார்சியாவுக்கான பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிராசிக்வான்டெல் என்ற மருந்தால் எளிதில் குணமாகும் நோய் அது.